இரவுப் பால் இல்லாமல் குழந்தை தூங்க: தென்னாப்பிரிக்காவில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு

ஊரிலிருந்து உதவிக்கு வந்த அம்மாவோ மாமியாரோ 90 நாள் விசா முடிந்து விமானம் ஏறிய பிறகுதான் இங்கே பலருக்கு இரவு எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. மிட்ராண்டிலும் சாண்ட்டனிலும் வேலைக்காக வந்து குடியேறியவர்கள், டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீடெடுத்திருப்பவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ராத்திரி நாலு தடவை பால் கேட்கிறான். எப்படி நிறுத்துறது?"

இரவுப் பாலை நிறுத்தும் வேலை பகலில் தொடங்குகிறது. முதலில் பகல் பாலைக் கூட்ட வேண்டும். அடுத்து, பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போகும் பழக்கத்தைப் பிரிக்க வேண்டும். அப்புறம்தான் இரவில் கைவைக்க வேண்டும். வரிசையை மாற்றி நேரே இரவில் தொடங்கினால் பசியோடு இருக்கும் குழந்தையை அழவைப்பதுதான் மிச்சம்.

தொடங்கலாமா என்று முதலில் பாருங்கள்

பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் தேவை. அதில் சில தடவை இரவில்தான் வரும். முதல் மூன்று மாதம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். பகல் எது, இரவு எது என்று உடம்புக்குத் தெரிவதற்கே ஏறக்குறைய அத்தனை காலம் ஆகும். தாய்க்கும் அப்போது இரவுப் பால் முக்கியம். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். தொடக்க மாதங்களில் இரவை வெட்டினால் பகல் பாலும் குறைந்துபோகலாம்.

பவுடர் பால் குடிக்கும் குழந்தை ஆறு மாதம் தாண்டி, நன்றாக எடை ஏறிக்கொண்டிருந்தால் மெல்லத் தொடங்கலாம். தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு வயது வரை இரவில் ஒரு தடவை, இரண்டு தடவை குடிப்பது இயல்புதான். உங்களுக்கு அது பாரமாகத் தெரியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஏழு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறது என்பதற்காக நீங்கள் எதையும் செய்ய வேண்டாம். கனடாவில் சில நூறு குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. ஆறு மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தொடர்ந்து எட்டு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு மேல் அதே நிலைதான். அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியில் குறை எதுவும் தெரியவில்லை.

பிறந்தபோது கொடுத்த 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தை எடுத்து எடைக் கோட்டைப் பாருங்கள். கோடு தன் பாதையில் மேலே போய்க்கொண்டிருக்கிறதா? படுத்துவிட்டதா, கீழே இறங்குகிறதா? படுத்திருந்தால் இரவுப் பாலைத் தொடவே கூடாது. ஆறாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது கிளினிக் சிஸ்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, "இரவில் பாலைக் குறைக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். அதற்காகத் தனியாக ஒரு நாள் அலைய வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் பிறக்கவேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். தடுப்பூசி போட்ட வாரம், சளி, காய்ச்சல், பல் முளைத்துப் படுத்தும் நாட்கள் எதிலும் தொடங்காதீர்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. இரவில் எழுந்தவன் இரண்டு நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிப்போகிறான், காலையில் பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்றால், அவன் கேட்பது தூங்குவதற்கான துணை. மடக் மடக்கென்று முழுப் பாலும் குடிக்கிறான் என்றால் அது பசி. பசியைப் பகலில்தான் தீர்க்க வேண்டும்.

பகலில் வயிறு நிறைய

பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்து, ஆறு மாதத்தில் குழந்தைக்கு உலகம் புரியத் தொடங்குகிறது. டிவி, அண்ணனின் கார் பொம்மை, கேட்டுக்கு வெளியே குரைக்கும் நாய், எல்லாமே பாலைவிட சுவாரஸ்யமாகிவிடும். நாலு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். இப்படிப் பகல் முழுக்க அரைகுறையாகக் குடித்தவன் இருட்டில், சத்தமில்லாத நேரத்தில், விட்டதையெல்லாம் சேர்த்துக் கேட்பான். பகலில் இரண்டரை மூன்று மணிக்கு ஒரு தடவை, திரைச்சீலை இழுத்த அறையில், போனைத் தள்ளிவைத்துவிட்டுப் பால் கொடுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே சில வீடுகளில் இரவு ஒரு தடவை குறைந்துவிடுகிறது.

வேலைக்குத் திரும்பிய தாய்மாரின் கதை வேறு. இங்கே பலரும் நான்கு மாதத்தில் ஆபீசுக்குத் திரும்பிவிடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலையில் ஏறி மாலை ஆறு மணிக்கு வீடு வந்து சேரும் அம்மாவிடம், பகலில் புட்டியைத் தள்ளிய குழந்தை இரவு முழுக்க ஒட்டிக்கொள்ளும். பாலும் வேண்டும், அம்மாவும் வேண்டும். இதை வெறும் பழக்கம் என்று வெட்டக் கூடாது. காலையில் கிளம்புமுன் ஒரு தடவை, வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை என்று மூன்று முழுப் பால் கொடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுக்கவோ பீய்ச்சி வைக்கவோ வேலை நாளில் 30 நிமிட இடைவேளை இரண்டு கொடுக்க வேண்டும் என்று இந்நாட்டின் தொழிலாளர் நடைமுறை விதிகள் சொல்கின்றன. கேட்கக் கூச்சப்படாதீர்கள். பீய்ச்சிய பாலைப் பகலில் யார் கொடுக்கிறார்களோ அவரிடம், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தான் என்று ஒரு காகிதத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இரவில் வருவது பசியா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு. இங்கே நம்மவர் செய்வதில் எனக்குப் பிடிக்காதது, கஞ்சியைத் தண்ணீராகக் கரைப்பது. கரண்டியைச் சாய்த்தால் ஓடிவிடுகிற கஞ்சியில் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியில் நிற்கிற பதத்தில் இருக்க வேண்டும். பருப்பும் சோறும் நெய் விட்டுக் குழைத்தது, முட்டை, மசித்த கோழி ஈரல், பட்டர்நட் பூசணி, அவகாடோ எல்லாம் இங்கே எளிதில் கிடைப்பவைதாம். இரும்புச்சத்து உள்ளது ஒன்றாவது தினமும் இருக்கட்டும். ஆனால் இரவு எட்டு மணிக்குக் கேழ்வரகுக் கூழை முட்ட முட்ட ஊட்டினால் விடிய விடியத் தூங்குவான் என்பதை நம்பாதீர்கள். வயிறு கனத்த குழந்தை புரண்டுகொண்டுதான் கிடக்கும். ராச்சாப்பாட்டைப் படுக்க ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

பால்புட்டியில் மாவு கலந்து கொடுப்பது வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. பல் வந்த பிறகு வாயில் பால் தேங்கினால் சொத்தையும் வரும்.

வெளிச்சம், குளிர், நானியின் முதுகு

டர்பனில் டிசம்பரில் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது. நாலேமுக்காலுக்கு எழும் குழந்தைக்குப் பசி என்று நினைத்துப் பால் கொடுத்துக்கொண்டே இருப்போம். எழுப்பியது வெளிச்சமாக இருக்கும். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். திரை வாங்கும்வரை கருப்புத் துணியைக் கட்டினாலும் போதும்.

ஜோஹன்னஸ்பர்க் ஜூன், ஜூலை வேறு மாதிரி. இரவில் குளிர் பூஜ்யம் வரை இறங்கும். நம் வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. அதற்காகக் கனமான மிங்க் போர்வையைக் குழந்தைமேல் போடக் கூடாது. முகத்தை மூடினால் குழந்தையால் அதை விலக்க முடியாது. உடலோடு மாட்டிவிடும் தூக்கப் பை இங்கே கடைகளில் கிடைக்கிறது, அதுதான் நல்லது. காஸ் ஹீட்டரை எரியவிட்டபடி குழந்தையோடு யாரும் தூங்காதீர்கள். அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளைக் கொல்லும். அறையை முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து காற்றை மாற்றி, ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுங்கள். குழந்தையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம். கைகால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானி (சம்பளத்துக்கு வரும் ஆயா) இருந்தால், துண்டால் முதுகில் கட்டித் தூக்கிக்கொள்வார். குழந்தைக்கு அது மிகவும் பிடிக்கும், அருமையான பழக்கம். ஆனால் மாலை நாலரைக்கு மேல் முதுகில் தூங்கிவிட்டால் ஏழு மணிக்குப் படுக்கைக்கு வராது. "நாலரைக்குள் எழுப்பிவிடுங்கள்" என்று மட்டும் அன்பாகச் சொல்லிவையுங்கள். 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் தூக்கத்தைப் பிடுங்கினால் இரவு நன்றாகத் தூங்குவான் என்பது தவறு. அயர்ந்துபோன குழந்தை இன்னும் அதிகமாக எழும்.

பாலையும் தூக்கத்தையும் பிரிப்பது

குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரச் சுற்றுகளாகப் போகும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் லேசாக விழிப்பு வரும். மார்பில் தூங்கியவன் விழிக்கும்போது மார்பு இருக்காது. தூளியில் ஆடிக்கொண்டே தூங்கியவன் விழிக்கும்போது ஆட்டம் நின்றிருக்கும். உடனே அழுகை. நாமும் எடுத்துப் பால் கொடுப்போம், திரும்பத் தூங்கிவிடுவான், அப்படித்தான் அந்தப் பால் நிலைத்துவிடுகிறது.

அதனால் மாலை வரிசையை மாற்றுங்கள். ஆறேகால் மணிக்கு வெந்நீர்க் குளியல் அல்லது உடல் துடைப்பு, இரவு உடுப்பு, அப்புறம் விளக்கு எரியும் கூடத்தில் உட்கார்ந்து முழுப் பால். தூங்கவிடாதீர்கள், கண் சொருகினால் காலைத் தடவி எழுப்பி முடிக்கவையுங்கள். பல் இருந்தால் துடைத்துவிடுங்கள். அதன்பிறகு இருட்டறை, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு தாலாட்டு, படுக்கை. பாலுக்கும் படுக்கைக்கும் நடுவே இருபது நிமிடமாவது இருக்கட்டும். கண் முழுதாக மூடுமுன் கிடத்திவிட வேண்டும். முதல் சில நாள் முடியாது, எழுந்து அழுவான். நெஞ்சில் கை வைத்து, தட்டிக்கொடுத்து, தேவையானால் தூக்கி அமைதிப்படுத்தி, மறுபடி கிடத்துங்கள். தட்டுவதைத் தூங்கும்வரை நீட்டாமல், அமைதியானதும் நிறுத்திப் பாருங்கள்.

சேலைத் தூளி பற்றி ஒரு வார்த்தை. நாமெல்லாரும் அதில்தான் வளர்ந்தோம், எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு. ஆனால் அதில் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுப்பாதை ஒடுங்கும். இரவு முழுக்க யாரும் விழித்துப் பார்க்க முடியாது. இரவுத் தூக்கத்துக்குத் தட்டையான, கெட்டியான மெத்தை உள்ள தொட்டில்தான் சரி. மல்லாக்கப் படுக்கவையுங்கள். கடுகுத் தலையணை, உருளைத் தலையணை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். முதல் ஆறு மாதமாவது தொட்டில் உங்கள் அறையிலேயே இருக்கட்டும். பால் கொடுத்தபடி சோபாவில் தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

இந்த மாலை வரிசையை ஒரு வாரமாவது ஓட்டுங்கள். அந்த வாரம் இரவில் கேட்டால் வழக்கம்போல் பால் கொடுங்கள்.

இப்போது இரவு

நள்ளிரவுக்கு முன் வரும் பாலை முதலில் எடுங்கள். தூக்கத்தின் அழுத்தம் அப்போதுதான் கனமாக இருக்கும், தட்டினாலே திரும்பத் தூங்கிவிட வாய்ப்பு அதிகம். அதிகாலை நாலு மணிப் பாலைக் கடைசியாக விடுங்கள்.

சத்தம் கேட்டதும் ஓடாதீர்கள். முனகல், நெளிதல், ஒரு சிறு அழுகை எல்லாம் தூக்கத்துக்குள்ளேயே நடக்கும். ஒன்றிரண்டு நிமிடம் கவனியுங்கள். பல தடவை தானாகவே அடங்கிவிடும். நாம் தூக்கித்தான் எழுப்பிவிடுகிறோம்.

மார்பில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பால் என்றால் அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டு வேறு வழியில் தூங்கவைக்கலாம். அதற்கு மேல் குடிக்கிறான் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு நிமிடம் குறையுங்கள். பத்து நிமிடம் குடித்தவனுக்கு எட்டு, அப்புறம் ஆறு. புட்டிப் பால் 60 மில்லிக்குள் இருந்தால் நிறுத்தலாம். கூடுதல் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் 20 முதல் 30 மில்லி குறையுங்கள். அளவைக் குறைக்கலாம், பாலை நீர்க்கவைக்கக் கூடாது. பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்புவரை போகலாம்.

பால் இல்லாத அந்த விழிப்புக்கு அப்பா போகட்டும். அம்மா வந்தால் பால் மணம் வந்துவிடும், கேட்டுக்கொண்டே இருப்பான். விளக்குப் போடாமல், பேச்சைக் குறைத்து, ஒரே மாதிரி தட்டி, ஒரே மாதிரி "ஷ்ஷ்" சொல்லி இருந்தால் போதும். தனியாக அழவிட்டுக் கதவைச் சாத்திவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: நேரம் வைத்து இடையிடையே போய்ப் பார்க்கும் முறைகளைப் பற்றி ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் ஆறு வயது ஆகும்வரை தொடர்ந்து பார்த்து, தீங்கும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை என்று 2012இல் எழுதினார்கள். அதனால் அப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் விருப்பம், பக்கத்திலேயே இருப்பது. அழுதாலும் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும். ஒட்டிக் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் சத்தத்துக்குப் பயந்தே இரண்டாம் இரவு பாலைக் கொடுத்துவிடுவீர்கள். ஒருநாள் கொடுத்து ஒருநாள் மறுப்பதுதான் குழந்தைக்கு மிகவும் குழப்பம்.

அம்மாவின் உடம்பையும் பார்க்க வேண்டும். ஒரு பால் நின்றதும் மார்பு கட்டும். வலி அடங்கும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள், முழுதாகக் காலிசெய்தால் உடம்பு அதே அளவு திரும்பச் சுரக்கும். ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: தாய்ப்பால் கொடுப்பதையே கருத்தடையாக நம்பியிருந்தவர்களுக்கு, குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டினாலோ இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, மாதவிலக்கு வராமலே கரு தங்கலாம். கிளினிக்கில் வேறு முறையைக் கேட்டுக்கொண்டு அப்புறம் குறையுங்கள்.

யார் சொன்னாலும் கொடுக்க வேண்டாதவை

ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, நாக்கில் தடவக்கூட. அதில் இருக்கும் கிருமி பொட்டுலிசம் என்ற வாதத்தைக் கொண்டுவரும். வசம்பு உரைத்து வைப்பதும் வேண்டாம். தூங்கட்டும் என்று சளி மருந்தோ அலர்ஜி மருந்தோ கொடுப்பது மிகவும் ஆபத்து. இங்கத்துக்காரர்கள் ரூய்போஸ் என்னும் மூலிகைத் தேநீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். காஃபீன் இல்லைதான், ஆனால் சத்தும் இல்லை. பாலுக்கான இடத்தை அது நிரப்பிவிடும். ஆறு மாதத்துக்கு முன் தண்ணீரே தேவையில்லை என்னும்போது தேநீர் எதற்கு?

இடையில் தடங்கல் வந்தால்

இந்தியா போய்வந்தால் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே ஆறு மணிக்கு எழுந்த குழந்தை இங்கே இரண்டரைக்கு எழுந்து உட்காரும். பகல் வெளிச்சத்தில் நிறைய நேரம் வெளியே கொண்டுபோங்கள், ஒரு வாரத்தில் சரியாகும். தைப்பூசக் காவடி, தீபாவளி வெடிச் சத்தம் நடக்கும் வாரங்களில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். காய்ச்சலில் இரவில் பால் கேட்டால் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். உடம்பு சரியானபின் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

நாப்பி நனைவது நாளைக்கு ஐந்து தடவைக்குக் கீழே போனால், எடை நின்றால், குழந்தை சோர்ந்து கிடந்தால், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அம்மாவுக்கு அழுகையும் வெறுமையும் விடவில்லை என்றால், குழந்தை தூங்குகிற நேரத்தில்கூடத் தூக்கம் வரவில்லை என்றால், அதையும் அதே சிஸ்டரிடம் சொல்லுங்கள். இதற்கும் மருத்துவம் உண்டு.

முழு மனதோடு இரண்டு வாரம் செய்தும் ஒன்றும் நகரவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். பழையபடி பால் கொடுத்து, மாலை வரிசையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து நள்ளிரவுக்கு முந்தின பாலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.